மெயின் பட்டையில் வெட்டிய பெயர்

சர்வீஸுக்கு விட்ட காரைத் திரும்ப வாங்கப் போகும்போது நான் முதலில் பார்ப்பது காரை அல்ல, மெக்கானிக்கின் நகக்கண்ணை. அங்கே கறுப்பு ஒட்டியிருந்தால் பாதி நிம்மதி. சோப்பு மணக்கிற கை ஒன்று சிரித்துக்கொண்டே சாவியை நீட்டினால் உடனே காருக்கு அடியில் குனிந்துவிடுவேன்.

இப்போது கம்பெனி சர்வீஸ் சென்டரில் நகக்கண்ணைப் பார்க்க வழியில்லை. கண்ணாடி அறை, நாற்காலி, மின்விசிறி. ஓட்டுநர் அதற்கு மேல் உள்ளே போகக்கூடாது. சாயங்காலம் ஒரு தாள் வரும். முப்பது வரி, முப்பதுக்கும் டிக். எங்கள் ஓட்டுநர் சங்கத்துப் பிள்ளைகள் அந்தத் தாளைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்கள்.

"டிக்கெல்லாம் அழகாத்தாண்ணே இருக்கு. செஞ்சாகளா இல்லையான்னு எப்பிடித் தெரியும்? நீங்க அந்தக் காலத்துல என்ன செஞ்சீக, அத எழுதிக் குடுங்க, சங்கத்து ஆண்டு மலர்ல போடுவோம்."

எழுதுகிறேன். நான் செய்ததில் கெட்டிக்காரத்தனமும் உண்டு, ஒரு பெரிய தப்பும் உண்டு. கெட்டிக்காரத்தனத்தை மட்டும் எழுதினால் இதுவும் டிக் போட்ட தாள்தான்.

என் தொழில் படிப்பை ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். லாரியில் கிளீனராக இருந்தேன், சக்கரம் கழற்றினேன், ஏச்சு வாங்கினேன், லைசென்ஸ் வாங்கினேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்திரண்டில் பள்ளத்தூர் வள்ளியம்மை ஆச்சி வீட்டுக் கறுப்பு அம்பாசிடருக்கு டிரைவராக வந்து சேர்ந்தேன். கண்ணில் புரை விழுந்து ஐம்பத்துமூன்று வயதில் சாவியைத் திருப்பிக் கொடுக்கும் வரைக்கும் அந்த வீடுதான்.

ஆச்சிக்கு அப்போது நாற்பது கூட ஆகியிருக்காது. செட்டியார் மலாயாவில், மூன்று வருடத்துக்கு ஒருமுறை வருவார். வீடு, வயல், வேலையாட்கள் எல்லாம் ஆச்சி பொறுப்பு. குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. யார் எதைச் சொன்னாலும் ஆச்சியிடமிருந்து வருவது ஒரே கேள்வி.

"பாத்ததா, கேட்டதா?"

வண்டி மாடு சரியாகிவிட்டது என்றாலும் அதே கேள்வி. தேவகோட்டையில் மழையாம் என்றாலும் அதே கேள்வி. "கேட்டதுதான் ஆச்சி" என்றால் கோபம் வராது. "சரி, பாத்துட்டு வா" என்பார். அந்த 'பாத்துட்டு வா'வுக்காக நான் நடந்த தூரத்தை நேராக இழுத்தால் மலாயாவே வந்திருக்கும்.

முதல் வருடம் காரைக்குடியில் ஒரு பெரிய பட்டறையில் காரை விட்டுக்கொண்டிருந்தோம். அதன் பேர் இங்கே வேண்டாம்; அது இப்போது இல்லை. ஒருநாள் சர்வீஸ் முடிந்து வந்ததும் "ஆயில் மாத்தியாச்சு ஆச்சி" என்றேன். கேள்வி வந்தது. மறுநாள் ஆயில் குச்சியை உருவிப் பார்த்தால் மையிருட்டு. பட்டறையில் கேட்டேன். "ஓடுனா கறுக்கத்தான்ப்பா செய்யும், ஆயில் என்ன பாலா?" என்று சிரித்தார்கள்.

அடுத்த தடவை காரைக் கொடுப்பதற்கு முன்னால் வெற்றிலைச் சுண்ணாம்பை விரலில் எடுத்துக்கொண்டு காருக்கு அடியில் படுத்தேன். எஞ்சின் அடியில் ஆயிலை இறக்கிவிடுகிற போல்ட்டு இருக்கிறதே, அதன் தலையும் தொட்டியும் சேருகிற இடத்தில் ஒரு பொட்டு வைத்தேன். போல்ட்டைத் திருகினால் பொட்டு உடைந்தே ஆகவேண்டும். கார் திரும்பி வந்தது. படுத்துப் பார்த்தேன். செம்மண் தூசுக்கு நடுவில் என் சுண்ணாம்புப் பொட்டு நெற்றி கலையாத கல்யாணப் பெண்ணைப் போல் அப்படியே இருந்தது. பழைய ஆயிலின் தலையிலேயே கொஞ்சம் புதுசை ஊற்றிவிட்டு அனுப்பியிருக்கிறார்கள்.

"பாத்தது ஆச்சி" என்றேன். அந்த வீட்டில் நெஞ்சு நிமிர்ந்து நான் சொன்ன முதல் வார்த்தை.

ஆச்சி பட்டறையில் போய்ச் சண்டை போடச் சொல்லவில்லை. "வேற ஆளப் பாரு" என்றார். அப்படித்தான் காரைக்குடி செக்காலையில் அரிசி மில்லுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டிருந்த சிக்கந்தர் பாயிடம் போய்ச் சேர்ந்தேன்.

பாய் ஒல்லி. லுங்கியை மடித்துக் கட்டி, எப்போதும் வாய்க்குள் ஏதோ முனகிக்கொண்டு வேலை செய்வார். நட்டைக் கழற்றினால் தரையில் போடமாட்டார். ஒரு பழைய பீங்கான் தட்டு வைத்திருந்தார். கழற்றிய வரிசையிலேயே நட்டுகளை அதில் கடிகார எண்கள் மாதிரி வட்டமாக அடுக்குவார். மாட்டும்போது அதே வரிசை. தட்டு காலியானால் வேலை முடிந்தது. கிரீஸ் அடிக்கும்போது, இடுக்கிலிருந்து பழைய கிரீஸ் கரிப்புழுவாக நெளிந்து வெளியே வந்து, அதன் பின்னால் புதுசு மஞ்சளாக எட்டிப் பார்க்கும் வரைக்கும் பம்பை விடமாட்டார். மற்ற இடங்களில் கிரீஸ் ஏற்றுகிற நிப்பிளின் வாயில் சந்தனம் பூசுவது மாதிரி ஒரு தடவு தடவி அனுப்புவார்கள். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். பிள்ளைகளே, இதைக் குறித்துக்கொள்ளுங்கள்: பழசு வெளியே வந்திருக்கிறதா என்று பாருங்கள். பழசு வராமல் புதுசு உள்ளே போகாது.

இவ்வளவு நல்ல மனிதரை நான் நம்பினேனா? இல்லை. சுண்ணாம்புப் பொட்டின் ருசி கண்டவனாயிற்றே. பிரேக் பார்க்கச் சொன்ன நாளில் நாலு சக்கரத்து வீல் கப்புக்குள்ளும் ஆளுக்கொரு வேப்பிலை வைத்துவிட்டுக் காரைக் கொடுத்தேன். பிரேக்கைப் பார்க்க வேண்டுமென்றால் சக்கரத்தைக் கழற்றவேண்டும், சக்கரத்தைக் கழற்ற வீல் கப்பை எடுக்கவேண்டும், எடுத்தால் இலை விழும். சாயங்காலம் போனேன். பாய் பீங்கான் தட்டை நீட்டினார். நடுவில் நாலு வேப்பிலை.

"இந்தா, உன் சாமான். ஏன்ப்பா, காருக்கு அம்மை போட்டிருக்கா? சொல்லியிருந்தா தண்ணி ஊத்திருப்பேன்ல."

கொட்டகையே சிரித்தது. நானும் சிரித்தேன். காது மட்டும் சுட்டது. அதோடு விட்டிருக்கவேண்டும். ஆனால் சந்தேகம் கையில் பழகிய வேலை மாதிரி. ஆள் மாறினாலும் கை அதையே செய்யும்.

அறுபத்தேழில் ஆச்சி மகள் தெய்வானைக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை கொத்தமங்கலம். எங்கள் பக்கத்துக் கல்யாணத்துக்குச் சாமான் எவ்வளவு சேரும் என்பது உங்களுக்குத் தெரியும். குடம், அண்டா, தூக்கு, கரண்டி, எவர்சில்வர், பித்தளை, வெண்கலம். எல்லாவற்றிலும் வீட்டுப் பெயர் வெட்டியாகவேண்டும். பெயர் வெட்டுகிறவர் வீட்டுக்குள் வளவு முற்றத்தில் வந்து உட்கார்ந்து நாள் கணக்கில் தட்டினார். டிக் டிக் டிக். சிட்டுக்குருவி கொத்துகிற சத்தம். வெ. மு. நா. என்று மூன்று எழுத்து. ஒரு டம்ளர் ஊரெல்லாம் சுற்றினாலும் அந்த மூன்று எழுத்து அதை வீட்டுக்குக் கூட்டிவந்துவிடும்.

எனக்கு அந்தச் சத்தம் தலைக்குள் ஏறிவிட்டது. பாத்திரத்துக்கு இருக்கிற காவல் காருக்கு ஏன் இல்லை? ரேடியேட்டர் மூடியைக் கொண்டுபோய் நீட்டினேன். வெட்டிக்கொடுத்தார். வீல் கப், ஜாக்கி, பேட்டரியைக் கட்டுகிற இரும்பு. மூன்று எழுத்தோடு எல்லாம் திரும்பி வந்து மினுங்கின.

அந்தச் சமயத்தில் பின்பக்கம் இடது ஸ்பிரிங் தொய்ந்திருந்தது. பட்டை பட்டையாக இரும்பை அடுக்கிக் கட்டிய ஸ்பிரிங் அது. எல்லாவற்றுக்கும் மேலே நீளமாக இருந்து வண்டியையும் அச்சையும் பிணைத்து வைப்பது மெயின் பட்டை. கல்யாணச் சுமைக்குத் தாங்காது, மாற்றிவிடலாம் என்று பாய் சொன்னார். மதுரையில் போய்ப் புதுப் பட்டை வாங்கி வந்தேன். நேராகப் பாயிடம் கொண்டுபோகவில்லை. வளவுக்குக் கொண்டுபோனேன். புதுசை எடுத்துக்கொண்டு பழசையே திருப்பி மாட்டினால்? பெயர் இருந்தால் தெரிந்துவிடும் அல்லவா? பட்டை நுனியில் வண்டியோடு மாட்டுகிற வளையத்துக்குப் பக்கத்தில், மேல் முகத்தில், அடியில் படுத்துப் பக்கவாட்டில் எட்டிப் பார்த்தால் தெரிகிற மாதிரி ஆழமாக வெட்டச் சொன்னேன்.

அந்தப் பக்கமாக வந்த ஆச்சி பார்த்தார். "என்ன கருப்பையா, காருக்கும் சீர் வைக்கிறியா?" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டார். சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

செக்காலையில் பாய் பட்டையைக் கையில் வாங்கினார். கட்டைவிரலால் எழுத்தின் மேல் மெதுவாகத் தடவினார். முனகல் நின்றுவிட்டது.

"இது என்னப்பா?"

"வீட்டுப் பேரு பாய்."

"பேரு தெரியுது. இதுல எதுக்கு?"

நான் சந்தேகப்பட்டது அவருக்குத் தெரிந்துவிட்டது. கோபப்படாமல் பேசினார்.

"இங்க பாரு. அண்டா சும்மா உக்காந்திருக்கும், எத்தன பேரு வெட்டுனாலும் தாங்கும். இது நாள் பூரா வளைஞ்சு நிமிர்ற சாமான். உளி பட்ட எடத்துலதான் மொதல்ல வாய் விடும். இது வேணாம். வேற வாங்கிட்டு வா."

வேறு வாங்குவதென்றால் மதுரைக்குத் திரும்பப் போகவேண்டும். அதற்கு முன்னால் ஆச்சியிடம் போய், புதுப் பட்டையை நானே கெடுத்துவிட்டேன் என்று சொல்லவேண்டும். என் நாக்கு அந்த இரண்டு பயணத்துக்கும் சோம்பல் பட்டது.

"ஆச்சி உத்தரவு பாய்."

"ஆச்சி சொன்னாகளா?"

"சொன்னாக."

பட்டையை ஒருமுறை திருப்பிப் பார்த்தார். "அப்பச் சரி" என்று குனிந்து வேலையைப் பார்த்தார். பாத்ததா, கேட்டதா என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அன்றைக்கே பிடிபட்டிருப்பேன்.

கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. கார் ஓடியது. மாசத்துக்கு ஒருமுறை அடியில் படுத்து என் மூன்று எழுத்தைப் பார்த்துத் திருப்திப்பட்டுக்கொண்டேன். அதற்கடியில் நடந்துகொண்டிருந்ததை நான் பார்க்கவில்லை.

மறுவருடம் தெய்வானையைத் தலைப்பிரசவத்துக்குக் கொத்தமங்கலத்திலிருந்து அழைத்து வரப் போனேன். ஏழாம் மாதம். முன்பகல் வெயில். மாப்பிள்ளை முன் சீட்டில் என் பக்கத்தில். கண்மாய்க் கரை மேல் வந்துகொண்டிருந்தபோது ஒரு சின்னப் பள்ளத்தில் சக்கரம் இறங்கியது. டப் என்று ஒரு சத்தம். கார் இடது பக்கமாகக் குந்திவிட்டது. சக்கரம் மட்கார்டில் உரசி அலறியது. ஸ்டியரிங் தண்ணீர்ப் பக்கம் இழுத்தது. கரையின் விளிம்புக்கு ஒரு முழம் இருக்கும்போது நிறுத்தினேன். எப்படி நிறுத்தினேன் என்பது என் காலுக்குத்தான் தெரியும்.

நான் திரும்பிப் பார்த்தபோது தெய்வானை இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தது. முகம் வெளுத்திருந்தது. என் முகம் அதைவிட வெளுத்திருக்கும் போலிருக்கிறது. "பயப்படாதீக கருப்பையாண்ணே, பிள்ளை நல்லா உதைக்குது. உங்க காரை விட நல்லாவே ஓடுது" என்றது.

மாப்பிள்ளைக்குச் சிரிப்பு வரவில்லை. வந்த பேருந்தை நிறுத்தி மனைவியை ஏற்றிக்கொண்டு போனார். அச்சுக்கும் வண்டிக்கும் நடுவில் கட்டையைக் கொடுத்துக் கயிற்றால் கட்டி, நடையை விட மெதுவாக நான் காரைப் பள்ளத்தூருக்குக் கொண்டுவந்தபோது அவருடைய தீர்ப்பு எனக்கு முன்னால் வந்து காத்திருந்தது.

"அந்தச் செக்காலை ராவுத்தர் புதுப் பட்டையை வித்துட்டுப் பழசை மாட்டியிருக்கான். இனிமே எந்த வீட்டுக் காரும் அங்க போகாது. கொத்தமங்கலத்துல ரெண்டு வீட்டுக்குச் சொல்லியனுப்பிட்டேன்."

பாயின் தொழிலே இந்தப் பக்கத்து ஏழெட்டு வீட்டுக் கார்கள்தான். இரண்டு வீடு நின்றால் மற்றவை ஒரு வாரத்தில் நிற்கும். காரை அவரிடம் கொண்டுபோகக் கூடாது என்றும் மாப்பிள்ளை உத்தரவு. மறுநாள் காலை கார்க் கொட்டகையில் நானே ஜாக்கி வைத்து ஸ்பிரிங்கைக் கழற்றினேன்.

பட்டை இரண்டு துண்டாக வந்தது. ஒரு துண்டில் 'வெ'. மறு துண்டில் 'மு. நா.' முறிந்த முகத்தைத் துடைத்துப் பார்த்தேன். முக்கால் பாகம் உடைத்த கற்கண்டு மாதிரி வெள்ளையாக மினுங்கியது; அது நேற்று முறிந்தது. மேல் ஓரத்தில் மட்டும் பிறைநிலா அளவுக்குத் துருப்பிடித்துக் கறுத்திருந்தது. அது பல மாசத்து விரிசல். அந்தப் பிறையின் உச்சி 'வெ'யின் கடைசிக் கோட்டில் போய் நின்றது.

கொட்டகையில் நான் ஒருவன்தான். அரம் கைக்கெட்டும் தூரத்தில் மாட்டியிருந்தது. பத்து நிமிடம் ராவினால் மூன்று எழுத்தும் போய்விடும். பெயர் இல்லாத பட்டை, பழைய பட்டை. மாப்பிள்ளை சொன்னது உண்மையாகிவிடும். நான் பிழைத்துக்கொள்வேன். அரத்தை எடுத்தேன். 'வெ'யின் மேல் வைத்து ஒரு இழுப்பு இழுத்தேன்.

க்ரீச் என்றது. அவ்வளவுதான். அந்தச் சத்தத்தை என்னால் இன்னொரு தடவை கேட்க முடியவில்லை. அரத்தை மாட்டிவிட்டு இரண்டு துண்டையும் சாக்கில் சுற்றிக்கொண்டு வளவுக்குப் போனேன்.

ஆச்சி உட்கார்ந்திருந்தார். மாப்பிள்ளை தூணோரம் நின்றார். சாக்கைப் பிரித்து வைத்தேன்.

"பாய் மாட்டுனது புதுப் பட்டைதான் ஆச்சி. நம்ம பேரு இருக்கு."

"அப்ப ஏன் முறிஞ்சது?" என்றார் மாப்பிள்ளை.

"பேரு வெட்டுன எடத்துல முறிஞ்சது ஐயா. பாய் அன்னைக்கே வேணாம்னாக. ஆச்சி உத்தரவுன்னு நான் சொன்னேன்."

ஆச்சி என்னைப் பார்க்கவில்லை. 'வெ' இருந்த துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். சேலைத் தலைப்பால் எண்ணெயைத் துடைத்தார்.

"இது என்ன, புதுசாக் கீறல்?"

"அரம் ஆச்சி."

"யாரு?"

"நாந்தான். இப்பத்தான். ஒரு இழுப்பு."

மாப்பிள்ளைக்குத்தான் பொறுக்கவில்லை. "இவனை இன்னும் வீட்டுல வச்சிருக்கணுமா அத்தை?" என்றார்.

"அதை நான் பாத்துக்கிறேன். நேத்து ரெண்டு வீட்டுக்குச் சொல்லியனுப்புனீகளே, பாத்ததா, கேட்டதா?"

மாப்பிள்ளையைப் பார்த்து அந்த வீட்டில் யாரும் அப்படிக் கேட்டதில்லை. அவர் முகம் சிவந்தது. பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "ரெண்டு வீட்டுக்கும் நானே போய்ச் சொல்லிடுறேன்" என்றார். அவரும் நல்ல மனிதர். அன்று மத்தியானமே போனார்.

என்னிடம் ஆச்சி சொன்னது ஒன்றுதான். "கருப்பையா, இனிமே எம்பேரச் சொல்றதா இருந்தா எங்கிட்டக் கேட்டுட்டுச் சொல்லு."

ஏசியிருக்கலாம், அனுப்பியிருக்கலாம். அவை ஒரு நாளில் ஆறியிருக்கும்.

மறுநாள் ஆச்சி வாடகைக் கார் பிடித்துச் செக்காலைக்கு வந்தார். நான் முன்னால் உட்கார்ந்திருந்தேன். பட்டறைப் பக்கமே வராதவர், தகரக் கொட்டகைக்குள் குனிந்து நுழைந்தார். பாய் லுங்கியை அவிழ்த்துவிட்டுக்கொண்டு எழுந்து நின்றார். நான் நடந்ததை அவர் முன்னால் திரும்பச் சொன்னேன். கீறலையும் சொன்னேன்.

"உங்க மேல பழிச்சொல்லு விழுந்துருச்சு பாய். எடுத்தாச்சு. ஆனா நீங்களும் ஒண்ணு செஞ்சிருக்கணும்" என்றார் ஆச்சி. "தப்புன்னு தெரிஞ்ச வேலைய என் உத்தரவுன்னு ஒருத்தன் சொன்னா, நீங்க எங்கிட்ட வந்து கேட்டிருக்கணும். பள்ளத்தூர் என்ன பர்மாவுலயா இருக்கு?"

பாய் தலையைச் சொறிந்தார். "ஆமாச்சி. கேட்டிருக்கணும். பெரிய வீடுன்னு பயந்துட்டேன்."

"இனிமே எழுத்தும் வேணாம், இலையும் வேணாம். கார் இங்க இருக்கிற வரைக்கும் இவன் இங்க இருக்கட்டும். கூடமாட வேலை செய்யட்டும்."

எழுபதுகள் முழுக்க அப்படித்தான் கழிந்தது. கார் அந்தக் கொட்டகையில் நின்ற ஒவ்வொரு மணி நேரமும் நானும் அங்கே நின்றேன். என் நகக்கண்ணிலும் கறுப்பு ஏறியது. பிள்ளைகளே, கண்ணாடி அறையில் உட்காராதீர்கள். உள்ளே விடமாட்டோம் என்றால், விடுகிற இடத்தைத் தேடுங்கள். நின்று பார்க்கிறவனுக்கு எதிரே யாரும் சந்தனம் பூசமாட்டார்கள். எனக்குத் தெரிந்த வழி இவ்வளவுதான்.

ஆனால் நான் அங்கே நின்ற முதல் நாளைச் சொல்லாமல் முடிக்கக்கூடாது. பெயர் வெட்டாத புதுப் பட்டை மதுரையிலிருந்து வந்தது. பாயும் நானும் சேர்ந்து தூக்கி வைத்தோம். ஸ்பிரிங்கை அச்சோடு சேர்த்துக் கட்டுகிற யு போல்ட்டுகள் இரண்டுக்கும் சேர்த்து நாலு நட்டு. நாலும் பீங்கான் தட்டில் இருந்தன. பாய் ஸ்பானரை என்னிடம் நீட்டினார்.

"நீயே முறுக்கு. ஆச்சி பாத்ததா கேட்டதான்னா, செஞ்சதுன்னு சொல்லு."

மல்லாந்து படுத்து, பல்லைக் கடித்து, நாலையும் முறுக்கினேன். மண்ணும் எண்ணெயும் கண்ணில் விழுந்தன. போதும் என்று நகர்ந்து வெளியே வந்தேன்.

பாய் என் கையிலிருந்து ஸ்பானரை வாங்கினார். அவரே அடியில் படுத்தார். பழையபடி முனகிக்கொண்டே ஒவ்வொரு நட்டிலும் ஸ்பானரை மாட்டி இழுத்துப் பார்த்தார். முதலாவது அசையவில்லை. இரண்டாவது அசையவில்லை. மூன்றாவதும் அசையவில்லை.

நாலாவது நட்டு இன்னும் கால் சுற்று இறுகியது.